இட்டேரியும் மலைத்தடமும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய தேவாலயங்களையும் ஒரு வனப் பாதுகாப்புப் பகுதியையும் இணைக்கும் நடைவழி பற்றி நாமக்கல் வாசகி ஒருவர் கேட்டிருந்த கேள்வியைச் சென்ற இதழில் வெளியிட்டு, மற்ற வாசகர்களும் இது குறித்து எழுதலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கும், முதலில் எழுதிய அந்த வாசகிக்கும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நார்வே நாட்டில் பணிபுரியும் என் மகள், சென்ற கோடையில் பழைய தேவாலயங்களைத் தொட்டுச் செல்லும் ஒரு மலைவழியில் ஒரு வாரம் நடந்தாள். பறவைகளுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு சதுப்பு நிலத்தையும் வழியில் கண்டாளாம். அது யாத்திரையா, சுற்றுலாவா? அப்படியொரு வழி எவ்வாறு உருவாயிற்று?
(வாசகி, நாமக்கல்)

தங்கள் மகள் நடந்தது புனித ஒலாவ் வழியாக இருக்க வேண்டும். நார்வேயை ஆண்ட ஒலாவ் மன்னர் 1030ஆம் ஆண்டில் போர்க்களத்தில் இறந்தார். அடுத்த ஆண்டே அவர் புனிதராகப் போற்றப்பட்டார். அவருடைய கல்லறையின்மேல் எழுந்ததுதான் டிரான்ஹைம் நகரின் நிடாரோஸ் பேராலயம். ஐந்நூறு ஆண்டுக்காலம் வட ஐரோப்பிய மக்கள் அந்தக் கல்லறையை நோக்கி நடந்தார்கள். 1537இல் சமயச் சீர்திருத்தம் அந்நாட்டில் நிலைபெற்றபோது யாத்திரை நின்றுபோயிற்று. தடங்கள் புல் மூடிக் கிடந்தன. அவற்றை மீண்டும் தேடிக் கண்டுபிடித்து, குறியிட்டு, 1997இல் முறைப்படி திறந்தார்கள். ஓஸ்லோவிலிருந்து குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் பெருவழி மட்டும் 643 கிலோமீட்டர் நீளமுடையது.

அந்த வழியில் ஹாமார் நகரில் இடிந்துபோன பழைய பேராலயத்தின் சுவர்களை மழையும் பனியும் அரிக்காதிருக்கக் கண்ணாடிக் கூடாரம் அமைத்துப் பாதுகாக்கிறார்கள். ரிங்கெபூ என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 1220ஆம் ஆண்டில் மரத்தூண்களை நாட்டி எழுப்பிய மரத் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. எண்ணூறு ஆண்டுகள் மரம் நிற்பது எப்படி என்று வியக்கத் தோன்றும். தலைமுறை தலைமுறையாக அதன்மேல் தாரெண்ணெய் பூசி வந்திருக்கிறார்கள். பூசுவதை நிறுத்தியிருந்தால் அது நின்றிருக்காது.

அந்தச் சதுப்பு நிலத்தைப் பற்றித் தாங்கள் எழுதியதுதான் எனக்கு முதன்மையாகப் பட்டது. டோவ்ரெ மலைமேல் உள்ள அந்த இடத்தின் பெயர் ஃபொக்ஸ்டுமிரா. பெருங்கொக்குகளும் பிற நீர்ப்பறவைகளும் கூடு கட்டும் இந்த நிலத்தை 1923ஆம் ஆண்டிலேயே பாதுகாத்துவிட்டார்கள். பறவைகள் முட்டையிட்டு அடைகாக்கும் பருவத்தில், குறியிட்ட தடத்தை விட்டு ஓரடிகூட விலகி நடக்க அங்கே அனுமதி இல்லை. இத்தனைக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பயிரிடாத நிலத்தில் யாரும் யாரையும் கேளாமல் நடக்கலாம் என்னும் உரிமை பெற்ற நாடு அது. அவ்வளவு பெரிய உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பறவையின் கூட்டுக்கு முன்னால் அதை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

யாத்திரையா, சுற்றுலாவா என்று கேட்டீர்கள். நடப்பவரின் நெஞ்சைப் பொறுத்தது அது. வழி இரு சாராரையும் ஒன்றுபோலவே ஏற்கிறது. இரு சாராரிடமும் ஒரே ஒழுங்கையே கேட்கிறது.

கேள்வி: நம் கொங்கு நாட்டில் அப்படி ஒரு வழியை அமைக்க இயலுமா? இணைப்பதற்கு இங்கே பழைய தேவாலயங்கள் உண்டா?
(வாசகர், இராசிபுரம்)

தங்கள் ஊர்ப்பக்கமே அதற்கு மிகப் பொருத்தமான இடம் என்பது என் எண்ணம். கோவைச் சாலையில் உள்ள கருமத்தம்பட்டியையோ ஈரோட்டையோதான் பலரும் முதலில் நினைப்பார்கள், அதில் தவறில்லை. கருமத்தம்பட்டி இப்பகுதியின் மிகப் பழைய கத்தோலிக்கத் தலங்களுள் ஒன்று. கோவை மறைப்பணித் தளத்தின் முதல் ஆயரான பிரெசியாக், 1846ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது கோவை நகரில் அல்ல, இந்தச் சிற்றூரில்தான். ஈரோட்டில் பிரப் என்னும் மறைப்பணியாளரின் பெயரைத் தாங்கி நிற்கும் ஆலயமும் பார்க்கத்தக்கது. ஆனால் இவற்றுக்கிடையே இன்று இருப்பவை நெடுஞ்சாலையும் விசைத்தறிக் கூடங்களும் சாயப்பட்டறைகளும், நடப்பவருக்கு நிழலில்லை.

சேலத்திலிருந்து இராசிபுரம், சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறும் வழியை எண்ணிப் பாருங்கள். இத்தாலியத் துறவியான இராபர்ட் தெ நொபிலி, துறவிக்குரிய காவியும் காலில் மரச்செருப்புமாக, மதுரையிலிருந்து வடக்கு நோக்கி நடந்து 1623இல் சேந்தமங்கலம் வந்தார். அவ்வூரை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்புடன் வரவேற்றார். அங்கிருந்து அவர் சேலத்துக்குப் போனார். தொடக்கத்தில் அந்நகரம் அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே சேந்தமங்கலத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் கொல்லிமலையில் இன்னொரு நடை தொடங்கிற்று. ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரும் ஈவ்லின் அம்மையாரும், ஆங்கிலேய மறைப்பணியாளர்கள், 1913இல் மணமுடித்து, மலைமேல் வாழவந்தி நாட்டில் வீடமைத்துக் குடியேறினார்கள். அப்போது மலைக்குச் சாலை இல்லை. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏறுகிறது. அன்றோ எல்லாவற்றையும் தலைச்சுமையாகவே ஏற்ற வேண்டியிருந்தது. ஜெஸ்ஸி ஊர் ஊராக நடந்து நோய்க்கு மருந்து கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். தச்சும் பயிர்த்தொழிலும் கற்பித்தார். மலையேறத் தொடங்கிய பதினாறாம் ஆண்டில், 1929ஆம் ஆண்டு ஜூன் மாதம், மலைக்காய்ச்சல் முற்றி உண்டாகும் கருநீர்க் காய்ச்சலால் அந்த மலையிலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 44.

ஈவ்லின் அம்மையார் மலையை மறக்கவில்லை. பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்ற பிறகும், இனி எந்த அமைப்பின் ஊதியமும் தேவையில்லை என்று திரும்பவும் மலைக்கே வந்தார். முதுமையில் இடுப்பும் காலும் தளர்ந்தபோது இரு கைகளிலும் கோல் ஊன்றி நடந்தார். நடக்க இயலாத ஏற்றங்களை மட்டக் குதிரைமேல் கடந்தார். 1974ஆம் ஆண்டு டிசம்பரில், 95ஆம் வயதில் அவர் இறந்தபோது, கணவரின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள். இவர்களின் மகன் பால் பிராண்ட், 1914இல் பிறந்து இந்த மலைத்தடங்களில் ஓடி வளர்ந்தவர்; பின்னாளில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தவர்.

ஆகவே தங்கள் ஊர் வழியில் கட்டடங்களைவிட நடைகளே மிகுதி. வானளாவிய கோபுரத்தைக் காண வருபவருக்கு இந்த வழி ஏமாற்றமாக இருக்கலாம். நடந்தவர்களின் தடத்தில் நடக்க விரும்புபவருக்கு இதைவிடச் சிறந்த வழி கொங்கு நாட்டில் இல்லை.

சமவெளிப் பகுதியைப் பற்றியும் ஒரு சொல். புதிதாகச் சிமெண்ட் பாதை போட வேண்டாம். நம்மிடம் இட்டேரி இருக்கிறது. மற்ற மாவட்டத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டங்களுக்கு நடுவே, ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்தில், இருபுறமும் உயிர்வேலி அடைத்த மண்தடத்தைக் கொங்கு நாட்டில் இட்டேரி என்போம். கிளுவையும் கள்ளியும் வேலியாக நிற்க, அவற்றின்மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் படர்ந்திருக்கும். காடை, கௌதாரி, செம்போத்து, ஓணான், கீரி, முயல் எல்லாவற்றுக்கும் அதுவே வீடு. ஒரு குளத்தங்கரையிலிருந்து இன்னொரு கரட்டுக்கு அவை ஒளிந்து செல்லும் வழியும் அதுவே. இட்டேரியைத் தார்ச்சாலையாக அகலப்படுத்தி, உயிர்வேலியை வெட்டிக் கம்பிவேலி போடும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வனச்சரணாலயத்தையே இழக்கிறோம். தேவாலயங்களை இணைக்கும் நடைவழி என்று ஒரு காரணம் கிடைத்தாலாவது எஞ்சியிருக்கும் இட்டேரிகளைக் காக்க முடியுமா என்பதே என் கவலை. இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுத வைத்ததும் அதுதான்.

கேள்வி: சத்தியமங்கலம், ஆனைமலை போன்ற பெரிய காடுகள் இருக்கும்போது கொல்லிமலை எதற்கு? கோபி, சத்தி வட்டாரத் தேவாலயங்களிலிருந்து நேராகப் புலிகள் காப்பகத்துக்குள் ஒரே கோடாக வழி அமைத்தால் நாங்கள் நடக்க ஆயத்தமாக இருக்கிறோம்.
(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

தங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தக் கருத்துக்கு உடன்பட இயலாது.

சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,408 சதுர கிலோமீட்டர். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் யானைக் கூட்டங்கள் நீருக்கு இறங்கும் தடங்கள் மனிதர் வகுத்த எந்த வழியையும்விடப் பழமையானவை. கெஜலெட்டிக் கணவாய் வழியாக 1790இல் திப்பு சுல்தானின் படையே இறங்கி வந்தது என்பது உண்மைதான். அக்காலத்தில் வணிகரும் துறவியரும் படையினரும் நடந்த வழி என்பதாலேயே இன்று நாமும் நடக்கலாம் என்று ஆகிவிடாது. அன்று காடு பரந்திருந்தது. இன்று விலங்குகளுக்கு எஞ்சியது அந்தத் துண்டு நிலந்தான். 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைச்சாலையில், விலங்குகள் அடிபட்டு மாள்வதைத் தடுக்க 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். வாகனத்தையே நிறுத்திவைக்கும் காட்டில், நடப்பவருக்கென்று புதுக்கோடு கிழிப்பது பொருந்துமா என்று எண்ணிப் பாருங்கள்.

உயிருக்கு வரும் இடரையும் மறைக்க விரும்பவில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து வந்தவர்களோடு, நம் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து போனவர்களும் அந்தக் குழுக்களில் இருந்தார்கள். ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. புகை சூழ்ந்துவிட்டால் தடமும் தெரியாது. அந்தப் பெருந்துயருக்குப் பிறகே அதே ஆண்டில் தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024இல் அரசு 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் மட்டுமே செல்லும் முறையைத் தொடங்கியது. ஆனைமலையில் டாப்சிலிப் பகுதியிலும் அத்தகைய தடம் உண்டு. அதில் நடந்து பாருங்கள். அங்கே தேவாலயத்துக்கு மாற்றாக ஒரு கல்லறை இருக்கிறது. மொட்டையடிக்கப்பட்ட தேக்குக் காட்டை மறுபடி தழைக்கச் செய்த வனத்துறை அலுவலர் ஹியூகோ வுட், 1933இல் இறந்தபின், தாம் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நினைவுச்சின்னம் வேண்டுமெனில் சுற்றிலும் பாருங்கள் என்னும் பொருள்பட அதன்மேல் இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள்.

வழி ஒரே கோடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சமவெளியில் நடந்து, காட்டின் விளிம்பில் நின்று, பேருந்தில் ஏறி அடுத்த விளிம்பில் இறங்கி மறுபடி நடந்தாலும் அது வழிதான்.

கேள்வி: இது கிறித்தவர்களுக்கான வழியாக மட்டும் ஆகிவிடாதா?
(வாசகர், எடப்பாடி)

தைப்பூசத்தையொட்டிப் பழனிக்குக் காவடி சுமந்து நடக்கும் மரபில் தங்கள் ஊருக்கு இணையாக வேறொரு ஊரைச் சொல்வது அரிது. ஆகவே நடையின் அருமையைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழனிக்குப் போகும் காவடிக் கூட்டத்துக்கு வழிநெடுக மோரும் தண்ணீரும் கொடுப்பவர்கள் எல்லாச் சமயத்தாரும் ஆவர். கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலும், சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவையின் நினைவும், ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரிக்கு எடுக்கும் விழாவும் இந்த வழியின் பகுதிகளே. நடப்பவர் எதன்முன் கைகூப்புவார் என்பதை வழி கேட்பதில்லை.

கேள்வி: மலையேறும் வழி எந்த மாதத்தில் நடக்க ஏற்றது?
(வாசகி, திருச்செங்கோடு)

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அடிவாரத்து இலையுதிர்க் காடு காய்ந்து, உண்ணிச்செடிப் புதர்கள் தீக்குச்சிபோல் நிற்கும் காலம் அது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மார்கழியும் தையும் நல்லவை; விடியற்காலைப் பனியில் ஏறத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் மேலே சென்றுவிடலாம். காப்புக்காட்டைக் கடக்கும் எந்தத் தடத்துக்கும் வனச்சரக அலுவலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். கரடி நடமாடும் மலை என்பதால் பொழுது சாய்ந்தபின் ஒற்றையடித் தடத்தில் இருக்கலாகாது. பிள்ளைகளும் முதியவர்களும் உடன் வந்தால், பேருந்தில் செம்மேடு சென்று, மேட்டுநிலத்தில் ஊருக்கு ஊர் நடப்பதே போதும். 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மிளகுக் கொடிக்கும் பலா மரத்துக்கும் நடுவே நடக்கும் அந்த நடை, ஏற்றத்தைவிட எனக்கு உவப்பானது.

கேள்வி: நான் மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். அருவி பார்க்க வருபவர்கள் விட்டுச்செல்லும் கண்ணாடிப் புட்டிகள் எங்கள் மாடுகளின் காலைக் கிழிக்கின்றன. இப்போது நடைவழி என்கிறீர்கள். எங்கள் கோயில் சோலைகளுக்குள்ளும் ஆட்களை நடத்திக் கூட்டி வருவீர்களா?
(வாசகர், செம்மேடு)

இந்த மாதம் வந்த கடிதங்களில் தங்களுடையதைத்தான் நான் பலமுறை படித்தேன். கீழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு வழி வகுக்கும் எங்களைப் போன்றவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கோயில் சோலைக்குள் வழி போகக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் மலையில் ஒரு சோலையின் ஓரம் நின்றிருக்கிறேன். உடன் வந்த பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தாம் மட்டும் உள்ளே சென்று, சற்று நேரத்தில் திரும்பி வந்தார். உள்ளே விழுந்து கிடந்த காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் எடுப்பதில்லை என்றார். வெளியே வெட்டவெளியாகிவிட்ட சரிவையும், உள்ளே பகலிலும் இருண்டு நின்ற மரங்களையும் ஒருசேரப் பார்த்தபோது, அந்தச் சோலையை எந்தச் சட்டம் காத்தது என்று நான் கேட்கவில்லை. ஃபொக்ஸ்டுமிராவில் கூடு கட்டும் கொக்குக்கு அரசு வகுத்த எல்லையைத் தங்கள் முன்னோர் சாமியின் பெயரால் எப்போதோ வகுத்துவிட்டார்கள். வழி அந்த எல்லைக்கு வெளியே, மரங்கள் கண்ணில் படும் தொலைவில் ஒதுங்கிப் போக வேண்டும். பலகையில் சோலையின் பெயரும்கூட எழுத வேண்டியதில்லை.

வழி வேண்டுமா என்பதையே தங்கள் ஊர்க் கூட்டம்தான் முடிவு செய்ய வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தம் வனத்தையும் அதைச் சார்ந்த மரபுகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்கியிருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறலாம், எந்த மாதம் அடைக்க வேண்டும், வழிகாட்டிக்குக் கூலி எவ்வளவு, இரவு தங்குபவருக்குச் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் யார் வீட்டில் என்பனவற்றை அந்தச் சபை எழுதி வைத்தபிறகே முதல் குறிக்கல்லை நட வேண்டும். புட்டியோடு வருபவரைக் காரவள்ளியிலேயே திருப்பி அனுப்பும் அதிகாரமும் அதில் அடங்க வேண்டும். சபை வேண்டாம் என்று தீர்மானித்தால், சேந்தமங்கலத்தோடு வழி முடிந்துவிடும். அங்கிருந்து மலையை அண்ணாந்து பார்த்துத் திரும்புவோம்.

மாட்டின் காலில் புட்டி கிழித்த காயத்துக்கு வேப்பெண்ணெய் தடவியும் ஆறவில்லை என்று கடிதத்தின் இறுதியில் எழுதியிருந்தீர்கள். புண்ணுக்குள் கண்ணாடித் துணுக்கு தங்கியிருக்கக்கூடும். காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.